அது இல்லாமல் இருந்திருந்தால்? ஆய்வுகளில் ‘கன்ட்ரோல்’ எதற்கு

ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. நிலவேம்புக் கஷாயம் குடித்தார். நான்காம் நாள் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். கஷாயம் கேட்டது என்று சொல்லிவிடலாமா?

பெரும்பாலான வைரஸ் காய்ச்சல்கள் எதுவும் செய்யாவிட்டாலும் சில நாட்களில் தாமாகவே இறங்கிவிடும். ஆகவே அவருக்கு என்ன ஆனது என்று தெரிந்தால் மட்டும் போதாது. அதே ஆள், அதே காய்ச்சலில், கஷாயம் குடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் தெரிய வேண்டும். அதை யாராலும் பார்க்க முடியாது. ஒரே மனிதர் ஒரே வாரத்தில் குடித்தவராகவும் குடிக்காதவராகவும் இருக்க முடியாதே. கஷாயத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் விழுங்கிவிட்டு, அதனால்தான் தேறினேன் என்று நம்புபவரிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

பார்க்க முடியாத அந்த மறுபக்கத்துக்கு நம்பகமான ஒரு மாற்றை உண்டாக்குவதுதான் கன்ட்ரோல். பள்ளிப் புத்தகத்தில் இதை ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்று படித்திருப்போம். மருந்து கொடுக்காத குழு என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். உண்மையில் ஓர் ஆய்வில் மருந்து கொடுப்பதும் உரம் போடுவதும் சுலபமான பாதி. அது இல்லாத நிலையை ஏமாறாமல் உருவாக்குவதில்தான் பெரும்பாடு. வயலில் ஒரு விதமாக, மருத்துவமனையில் ஒரு விதமாக, ரசாயனக் கூடத்தில் இன்னொரு விதமாக அந்தப் பாடு பட்டிருக்கிறார்கள்.

மண்ணிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இந்த யோசனை ஒழுங்காக உருப்பெற்றது வயலில்தான். லண்டனுக்கு வடக்கே ரோத்தம்ஸ்டெட் என்ற பண்ணையில் ஜான் பென்னட் லாஸ் என்றொரு நிலக்கிழார் இருந்தார். உரத் தொழிற்சாலையும் வைத்திருந்தவர். அவர் ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற வேதியியலாளரைச் சேர்த்துக்கொண்டு, 1843 இல் பிராட்பாக் என்ற வயலைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் கோதுமை போட்டார். ஒரு பட்டைக்குத் தொழுவுரம், வேறு சிலவற்றுக்கு விதவிதமான ரசாயன உரங்கள், ஒரு பட்டைக்கு மட்டும் ஒன்றுமே கிடையாது. அந்த ஒன்றும் போடாத பட்டையை இன்றைக்கும் விடாமல் உழுது, விதைத்து, அறுத்து எடை போடுகிறார்கள். 180 ஆண்டுகள் தாண்டிவிட்டன. எக்டேருக்கு ஏறக்குறைய ஒரு டன் கோதுமைதான் கிடைக்கிறது. விளைச்சல் கணக்குப் பார்ப்பவர் கண்ணுக்கு அது வீணாகக் கிடக்கும் நிலம். ஆனால் பக்கத்துப் பட்டைகளில் கிடைக்கும் விளைச்சலில் எவ்வளவு உரத்தால் வந்தது, எவ்வளவு அந்த ஆண்டு மழையாலும் புது ரக விதையாலும் வந்தது என்று பிரித்துப் பார்க்க அந்தப் பட்டையை விட்டால் வேறு வழி இல்லை. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் 1909 இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

சரி, பக்கத்திலேயே ஒரு வெறும் பட்டையை விட்டுவிட்டால் போதுமா? போதாது. மெர்சர், ஹால் என்ற இருவர் 1911 இல் வெளியிட்ட கணக்கு இதை அழகாகக் காட்டுகிறது. பார்வைக்கு ஒரே சீராக இருந்த ஒரு ஏக்கர் கோதுமை வயலை 500 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அறுத்து எடை போட்டார்கள். எந்தத் துண்டுக்கும் தனிக் கவனிப்பு எதுவும் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே விதை, ஒரே உழவு. அப்படியும் மிகக் குறைவாக விளைந்த துண்டில் 2.73 பவுண்டு, மிக அதிகமாக விளைந்ததில் 5.16 பவுண்டு. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம், ஒன்றுமே செய்யாமல்! நல்ல துண்டில் என் உரத்தைப் போட்டு, மோசமான துண்டைச் சும்மா விட்டேன் என்றால், ‘விளைச்சல் இரட்டிப்பு’ என்று நோட்டீஸ் அடித்துவிடலாம். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம்கூட வேண்டியதில்லை. எது நல்ல நிலம் என்று என் கண்ணுக்கு லேசாகத் தெரிந்திருந்தாலே போதும், கை அங்கே போய்விடும்.

1919 இல் ரோத்தம்ஸ்டெட்டில் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் என்ற கணிதக்காரர் இதற்கு ஒரு வழி சொன்னார். எந்தத் துண்டுக்கு உரம், எந்தத் துண்டுக்கு இல்லை என்பதை மனிதன் முடிவு செய்யக் கூடாது, சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும் என்றார். கேட்கும்போது சோம்பேறித்தனமாகத் தோன்றும். அனுபவம் உள்ள விவசாயி யோசித்துச் சமமாகப் பிரித்தால் இன்னும் நன்றாக இருக்காதா? விவசாயிக்குத் தெரிந்த விஷயங்களில் வேண்டுமானால் சமமாக இருக்கும். மண்ணுக்கடியில் பழைய வாய்க்கால் எங்கே ஓடியது, இருபது வருஷத்துக்கு முன்னால் எங்கே ஆடு அடைத்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. சீட்டுக்கு எதுவுமே தெரியாது, அதனாலேயே அது யார் பக்கமும் சாயாது. தெரிந்த வித்தியாசம், தெரியாத வித்தியாசம் எல்லாம் இரண்டு பக்கமும் கலந்து விழும்.

இங்கே பலரும் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சீட்டுப் போட்டால் இரண்டு குழுவும் அச்சு அசலாக ஒன்றாகிவிடும் என்று அர்த்தம் இல்லை. தற்செயலாக ஒரு பக்கம் கொஞ்சம் நல்ல நிலம் கூடிப்போகலாம். ஆனால் தற்செயல் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்று கணக்குப் போட்டுவிட முடியும். இதை விளக்க ஃபிஷர் ஒரு தேநீர்க் கதையைச் சொன்னார். பாலில் தேநீரை ஊற்றினார்களா, தேநீரில் பாலை ஊற்றினார்களா என்பதைக் குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்கிறார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பை கலக்கிறோம், நான்கு அப்படி, நான்கு இப்படி. சீட்டுப் போட்ட வரிசையில் நீட்டுகிறோம். எட்டிலிருந்து நான்கைப் பிரித்தெடுக்க 70 வழிகள் உண்டு. ஆகவே ஒன்றுமே தெரியாதவர் குருட்டாம்போக்கில் சொல்லி எல்லாம் சரியாக அமைய 70 இல் ஒரு வாய்ப்பு. ஆறு கோப்பையே வைத்திருந்தால் 20 இல் ஒன்று. எவ்வளவு பெரிய ஆய்வு வேண்டும் என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில்தான் விடை இருக்கிறது.

மனிதர்கள் விஷயத்தில் சீட்டுப் போட்டாலும் இரக்கம் குறுக்கே வரும். ஸ்காட்லாந்தின் லானர்க்‌ஷயர் பகுதியில் 1930 இல் 20,000 பள்ளிக் குழந்தைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குத் தினமும் பால், பாதிப் பேருக்கு இல்லை, யார் நன்றாக வளர்கிறார்கள் என்று பார்ப்பது திட்டம். பிரிப்பு சரியாக அமையவில்லை என்று தோன்றினால் மாற்றிக்கொள்ள ஆசிரியர்களுக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். ஆசிரியர்கள் என்ன செய்வார்கள்? இளைத்துப்போன ஏழைப் பிள்ளைகளைப் பால் பக்கம் நகர்த்திவிட்டார்கள். யாருக்குத்தான் மனசு கேட்கும்? டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் புள்ளியியல் எழுதிவந்த வில்லியம் கோசெட், அடுத்த ஆண்டே இதைப் பிய்த்து வைத்தார். அவர் கவனித்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடிக்கும். குழந்தைகளை உடுப்போடுதான் எடை போட்டார்கள், குளிர்கால பிப்ரவரியில் ஒரு முறை, கோடைகால ஜூனில் ஒரு முறை. வசதியான வீட்டுப் பிள்ளை பிப்ரவரியில் கனமான கம்பளிச் சட்டையோடு தராசில் ஏறும், ஜூனில் அந்தக் கனம் குறைந்துவிடும். ஏழைப் பிள்ளைக்குக் கழற்ற கம்பளிச் சட்டையே இல்லை. ஆகவே பால் குடித்த குழு அதிகமாக எடை கூடியதுபோல் தெரிந்ததில் ஒரு பங்கு சட்டையின் எடை.

மருத்துவத்துக்கு வருவோம். காசநோய்க்கு ஒரு காலத்தில் தங்கத்தை ஊசியில் ஏற்றினார்கள். நம் ஊர் தங்கபஸ்பம் அல்ல, 1924 இல் டென்மார்க்கில் அறிமுகமான சானோக்ரைசின் என்ற தங்க உப்பு. கேட்கிறது என்று பல டாக்டர்கள் எழுதினார்கள். பிறகு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக்கு அருகே ஆம்பர்சனும் கூட்டாளிகளும் 24 நோயாளிகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து, எந்தப் பன்னிரண்டுக்குத் தங்கம் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் காய்ச்சி வடித்த நீர் ஊசி. 1931 இல் முடிவு வந்தது. தங்கத்தால் பலன் தெரியவில்லை, உடம்புக்குக் கெடுதல்தான் தெரிந்தது.

அப்புறம் வந்தது ஸ்ட்ரெப்டோமைசின், அதுவும் மண்ணிலிருந்து. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மன் என்ற மண் நுண்ணுயிரியல் பேராசிரியர் இருந்தார். அவருடைய மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் 1943 இல் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் என்ற மண் நுண்ணுயிரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். (நோபல் பரிசு 1952 இல் வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. அந்த வழக்கு வம்பு தனிக்கதை.) சோதனைக் குழாயில் காசநோய்க் கிருமியை இது அடக்கியது. மனிதரிடம்? போருக்குப் பிந்திய பிரிட்டனிடம் டாலர் இல்லை, கொஞ்சம் மருந்துதான் வாங்க முடிந்தது. எல்லா நோயாளிக்கும் எப்படியும் கொடுக்க முடியாது. அப்படியானால் கிடைக்கிற சிலர் யார் என்பதைச் சீட்டிலேயே விட்டுவிடலாம் என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் முடிவு செய்தது. திட்டம் வகுத்தவர் ஆஸ்டின் பிராட்ஃபர்ட் ஹில். அவர் டாக்டர் அல்ல, புள்ளியியல்காரர். நோயாளியைச் சேர்க்கலாம் என்று முடிவான பிறகுதான் ஒட்டிய உறையைப் பிரிப்பார்கள். உள்ளே மருந்தா, வெறும் படுக்கை ஓய்வா என்று எழுதியிருக்கும். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டரும் அந்த லானர்க்‌ஷயர் ஆசிரியரைப் போலத்தானே நடந்துகொள்வார்.

1948 இல் வந்த முடிவு இது. மருந்தும் ஓய்வும் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் 4 பேர் இறந்தார்கள். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். எக்ஸ்ரே படத்தில் பெரிய முன்னேற்றம் கண்டவர்கள் முதல் குழுவில் 28 பேர், இரண்டாவது குழுவில் 4 பேர். படங்களைப் பார்த்தவர்களுக்கு எது யாருடைய படம் என்று சொல்லவில்லை. மருந்தின் பலனை விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இரண்டாவது குழுவின் 4 பேர்தான். மருந்தே இல்லாமல், சும்மா படுத்திருந்து, எக்ஸ்ரேயில் கண்கூடாகத் தேறியவர்கள். அவர்களுக்குத் தங்க ஊசி போட்டிருந்தால், தங்கத்துக்கு நான்கு சாட்சிகள் கிடைத்திருப்பார்கள். ஒரு மருந்துக்குச் சாட்சி சொல்ல ஆள் கிடைப்பது ஒருபோதும் கஷ்டமே இல்லை.

இந்த ஆய்வில் கன்ட்ரோல் குழுவுக்கு மருந்துப்போலி ஊசி போடவில்லை. ஒரு நாளைக்கு நான்கு முறை என்று மாதக்கணக்கில் உப்புத் தண்ணீரை ஏற்றிக் கொடுமைப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அது சரியான முடிவு என்றே தோன்றுகிறது. வலி குறைந்ததா, தெம்பு வந்ததா என்ற கேள்விகளுக்கு நம்பிக்கையே பதிலை மாற்றிவிடும், அங்கே போலி மருந்து வேண்டும். மரணமும் எக்ஸ்ரேயும் நம்பிக்கைக்கு அவ்வளவு வளைவதில்லை. இன்னொன்று, அந்த மருந்தின் வெற்றி நிலைக்கவில்லை. பலருடைய உடம்பில் கிருமி எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது. சில ஆண்டுகளில் இரண்டு குழுக்களுக்கும் இடையிலான இடைவெளி வெகுவாகச் சுருங்கிப்போனது. கன்ட்ரோல் குழு இருந்ததால்தான் அந்தச் சுருக்கமும் கண்ணில் பட்டது. ஒரே மருந்தைத் தனியாகக் கொடுக்கக் கூடாது, கூட்டாகக் கொடுக்க வேண்டும் என்ற இன்றைய காசநோய்ச் சிகிச்சை முறை அங்கிருந்துதான் கிளைத்தது.

கன்ட்ரோல் என்றால் ஒன்றும் கொடுக்காமல் விடுவது என்று நினைப்பவர்கள் சென்னையில் நடந்த ஆய்வைப் பார்க்க வேண்டும். 1956 இல் சென்னையில் காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. சேத்துப்பட்டில் இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருப்பது அதுதான். அன்றைக்கு உலகம் முழுக்க டி.பி. என்றால் சானடோரியம். ஊருக்கு வெளியே நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயருக்குக் காரணம் அப்படி ஒரு மருத்துவமனைதான். ஆனால் இந்தியாவில் இருந்த நோயாளிகளுக்கு எத்தனை படுக்கைதான் போட முடியும்? வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதே கேள்வி.

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளைச் சீட்டுப் போட்டு, சிலரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், சிலரை வீட்டிலேயே வைத்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் அதே இரண்டு மருந்துகள், ஓர் ஆண்டுக்கு. இங்கே கன்ட்ரோல் என்பது அன்றைய மிகச் சிறந்த சிகிச்சை, அதாவது சானடோரியம். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மோசம், இடம் நெருக்கடி, ஓய்வும் குறைவு. அப்படியிருந்தும் குணமானவர்களின் விகிதம் இரண்டு குழுவிலும் பெரிதாக வேறுபடவில்லை. வீட்டில் நோயாளி இருந்ததால் மற்றவர்களுக்கு அதிகமாகத் தொற்றியதா என்றும் குடும்பத்தினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அதிலும் வித்தியாசம் இல்லை. சிகிச்சையின் முதல் முடிவு 1959 இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. காற்றும் கோழி சூப்பும் கெட்டவை என்று அதற்கு அர்த்தம் இல்லை. மருந்து ஒழுங்காகப் போனால் அவை கூடுதலாகச் சேர்த்தது கொஞ்சம்தான் என்று அர்த்தம். ஓய்வும் காற்றும்தான் குணப்படுத்துகின்றன என்று நூறு ஆண்டாக நம்பிக் கட்டிய சானடோரியங்கள் அதன் பிறகு உலகமெங்கும் ஒவ்வொன்றாக மூடின.

ரசாயனக் கூடத்தில் சீட்டுப் போட ஆள் இல்லை. அங்கே கன்ட்ரோலுக்கு வேறு முகம், ‘பிளாங்க்’ என்பார்கள். கல்லூரியில் டைட்ரேஷன் செய்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மாதிரியைச் சேர்க்காமல், மற்ற எல்லாவற்றையும் அதே வரிசையில், அதே பாத்திரத்தில் செய்து பார்ப்பது. பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் வந்ததெல்லாம் நம் கையாலோ, தண்ணீராலோ, கண்ணாடியாலோ வந்தது. நாமெல்லாம் ரெக்கார்டு நோட்டில் ஏதோ ஓர் எண்ணை எழுதித் தப்பித்தோம். கிளேர் பேட்டர்சன் என்பவர் அப்படித் தப்பிக்க மறுத்தார்.

1940களின் இறுதியில் சிகாகோவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பேட்டர்சனுக்குக் கிடைத்த வேலை, சிர்கான் என்ற கனிமத்தின் நுண்ணிய துகள்களில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று அளப்பது. யுரேனியம் சிதைந்து ஈயமாகிறது, இரண்டின் கணக்கையும் வைத்துப் பாறையின் வயதைச் சொல்லலாம். ஆனால் அவருக்கு வந்த ஈயத்தின் அளவு எந்தக் கணக்குக்கும் அடங்காமல் மிக அதிகமாக இருந்தது. மாதிரியே இல்லாமல் பிளாங்க் ஓட்டினார், அதிலும் ஈயம். குழாய்த் தண்ணீர், கண்ணாடிக் குடுவை, அறையின் தூசி, தன் தலைமுடி என்று எங்கே பார்த்தாலும் ஈயம். கலிஃபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, காற்றை வடிகட்டி, பாத்திரங்களை அமிலத்தில் ஊறவைத்து, தண்ணீரைத் திரும்பத் திரும்ப வடித்து, மிகச் சுத்தமான ஓர் ஆய்வகத்தையே கட்டினார். அரிசோனாவில் விழுந்த ஒரு விண்கல்லின் ஈயத்தைக் கடைசியில் நம்பிக்கையோடு அளந்து, பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று 1956 இல் வெளியிட்டார். இன்றுவரை அந்த எண் பெரிதாக மாறவில்லை.

அவர் அத்தோடு விட்டிருந்தால் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் போயிருப்பார். பிளாங்கில் வந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டார். கடலின் ஆழத்தை விட மேற்பரப்புத் தண்ணீரில் ஈயம் அதிகம் என்று கண்டார். அப்படியானால் அது புதிதாக மேலிருந்து விழுகிறது. கார் எஞ்சின் தட்டாமல் ஓட 1920களிலிருந்து பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்துவந்தார்கள், புகையில் அது ஊரெங்கும் பரவிக்கொண்டிருந்தது. எல்லோர் ரத்தத்திலும் ஈயம் இருக்கிறது, ஆகவே அது இயல்பானது என்று ஈயத் தொழில் பக்கத்து விஞ்ஞானிகள் சொல்லிவந்தார்கள். பேட்டர்சன் 1965 இல் எழுதியதன் சாரம் இதுதான்: எல்லோரிடமும் இருப்பது வேறு, இயற்கையாக இருப்பது வேறு. ஒப்பிடுவதற்கு ஈயம் படாத மனிதர் ஒருவர்கூட உயிரோடு இல்லை, கன்ட்ரோலே கெட்டுப்போயிருக்கிறது. பிறகு அவரும் கூட்டாளிகளும் பெரு நாட்டின் பழங்கால எலும்புகளை அளந்து, இன்றைய அமெரிக்கர் எலும்பில் அதைப் போலப் பல நூறு மடங்கு ஈயம் இருப்பதைக் காட்டினார்கள். உயிரோடு கிடைக்காத கன்ட்ரோலைப் புதைகுழியிலிருந்து எடுத்தார்கள். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 இல்தான் நின்றது.

இயற்பியலில் கருவியைத் துல்லியமாக்கிவிட்டால் கன்ட்ரோல் எதற்கு என்று தோன்றலாம். 1903 இல் பிரான்சின் நான்சி நகரில் ரெனே பிளாண்ட்லோ என்ற மதிப்புமிக்க இயற்பியலாளர் ‘N கதிர்கள்’ என்ற புதிய கதிரைக் கண்டதாக அறிவித்தார். இருட்டறையில் ஒரு மங்கலான வெளிச்சம் லேசாகக் கூடுவதுதான் அடையாளம். வேறு பல விஞ்ஞானிகளும் பார்த்ததாக எழுதினார்கள். 1904 இல் அமெரிக்க இயற்பியலாளரான ராபர்ட் வுட் நேரில் போனார். கதிரைப் பிரித்துக் காட்டும் அலுமினியப் பட்டகத்தை இருட்டில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். எதுவும் நடக்காததுபோல் அவர்கள் அளவுகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கதை முடிந்தது. யாரும் புளுகவில்லை, பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்தார்கள். இருட்டில் இடம் மாறிய அந்தப் பட்டகம்தான் N கதிருக்கு வைத்த முதல் ஒழுங்கான கன்ட்ரோல்.

இதற்கு நேர் எதிர்த் துருவம் லைகோ. ஈர்ப்பலைகளை, அதாவது விண்வெளியையே நெளியவைத்தபடி பரவும் அலைகளைப் பிடிக்க அமெரிக்காவில் ஹான்ஃபோர்ட், லிவிங்ஸ்டன் என்ற இரண்டு இடங்களில், சுமார் 3,000 கிலோமீட்டர் இடைவெளியில், நான்கு கிலோமீட்டர் நீளக் கைகளோடு நிற்கும் கருவிகள். அளக்க வேண்டிய மாற்றம் ஒரு புரோட்டானின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. பக்கத்தில் லாரி போனாலும் அதிரும், கடல் அலை கரையில் மோதினாலும் அதிரும். எந்தத் துடிப்பு விண்வெளியிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது? ஈர்ப்பலையை அணைத்து வைத்துவிட்டு ஒரு முறை அளக்கலாம் என்றால் முடியாது, அதைத் தடுக்கும் சுவரே கிடையாது.

அவர்கள் செய்த தந்திரம் இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகப் பிடித்தது. உண்மையான அலை ஒளியின் வேகத்தில் வரும், ஆகவே இரண்டு இடங்களிலும் அதிகபட்சம் 10 மில்லிவினாடி இடைவெளிக்குள் தெரிய வேண்டும். ஒரு கருவியின் பதிவை மற்றதோடு ஒப்பிடும்போது வேண்டுமென்றே கொஞ்சம் நேரம் நகர்த்தி வைத்தால், அதற்குப் பிறகு பொருந்துவதெல்லாம் கண்டிப்பாகத் தற்செயல்தான். இப்படி நகர்த்தி நகர்த்தி, 16 நாள் பதிவிலிருந்தே இரண்டு லட்சம் ஆண்டுகளுக்குச் சமமான போலிப் பதிவை உண்டாக்கினார்கள். 2015 செப்டம்பர் 14 அன்று கிடைத்த துடிப்புக்கு இணையானது அத்தனையிலும் ஒன்றுகூட வரவில்லை. ஈர்ப்பலை இல்லாத உலகம் எப்படி இருக்கும் என்பதைக் கடிகாரத்தைத் தள்ளி வைத்து உருவாக்கிவிட்டார்கள்! அதற்கு முன்னால் 2010 இல் ஒரு சிறு குழு, யாரிடமும் சொல்லாமல் போலி அலை ஒன்றைக் கருவிக்குள் செலுத்தியது. நூற்றுக்கணக்கானோர் மாதக்கணக்கில் அலசி, கட்டுரைகூட எழுதி முடித்த பிறகு, 2011 மார்ச்சில் உறையைப் பிரித்து ‘போலி’ என்று சொன்னார்கள். ஆசை கண்ணை மறைக்கிறதா என்று தங்களையே சோதித்துக்கொண்ட விதம் அது.

சீட்டும் போட முடியாது, கடிகாரத்தையும் நகர்த்த முடியாது என்ற நிலை வந்தால்? புகைபிடித்தல் அப்படிப்பட்ட விஷயம். உனக்குச் சீட்டில் சிகரெட் விழுந்திருக்கிறது, இருபது வருஷம் பிடி என்று யாரிடமும் சொல்ல முடியாது. அதே பிராட்ஃபர்ட் ஹில், ரிச்சர்ட் டால் என்ற டாக்டரோடு சேர்ந்து, லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோய் வந்த 709 பேரையும், அதே வயது வாக்கில் வேறு நோய்க்காகப் படுத்திருந்த 709 பேரையும் விசாரித்து 1950 இல் வெளியிட்டார். இரண்டு பக்கத்திலும் ஆண்கள் 649 பேர். புற்றுநோய் வந்த ஆண்களில் புகைக்காதவர்கள் 2 பேர், மற்றவர்களில் 27 பேர். 27 மிகக் குறைவாக இருக்கிறதே என்று தோன்றுகிறதா? அன்றைய பிரிட்டனில் ஆண்களில் பெரும்பாலோர் புகைத்தவர்கள்தான். அதோடு, அந்த ஒப்பீட்டுப் படுக்கைகளில் இருந்தவர்களில் சிலர் இதய நோய் போன்றவற்றுக்காக வந்தவர்கள், அந்த நோய்களுக்கும் சிகரெட்டுக்கும் உறவு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. பேட்டர்சனுக்கு நடந்ததுதான், கன்ட்ரோலுக்குள்ளேயே விஷம். அதனால் உண்மையான ஆபத்து அந்த எண்கள் காட்டியதை விடப் பெரியது.

இதைக் கடுமையாக எதிர்த்தவர் யார் தெரியுமா? ஃபிஷர். சீட்டுப் போடாத ஒப்பீட்டை எப்படி நம்புவது, புகைக்கும் ஆசையும் புற்றுநோயும் ஒரே மரபுக்கூறிலிருந்து வரலாமே என்று கேட்டார். அவர் பைப் பிடிப்பவர், புகையிலை நிறுவனங்களின் அமைப்புக்கு ஆலோசகராகவும் இருந்தார். அதனால் கேள்வி தப்பாகிவிடாது, அவர் சொன்ன ஓட்டை உண்மையாகவே இருந்தது. ஆனால் ஓட்டையைக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டதுதான் அவருடைய குறை. டாலும் ஹில்லும் அதை அடைக்கும் வேலையை அவர் கேட்பதற்கு முன்பே தொடங்கியிருந்தார்கள். 1951 இல் சுமார் 40,000 பிரிட்டிஷ் டாக்டர்களிடம் அவர்களுடைய புகைப் பழக்கத்தை எழுதி வாங்கிவைத்துக்கொண்டு, யார் எப்போது எதனால் இறக்கிறார்கள் என்று பார்த்துவந்தார்கள். அதிகம் பிடித்தவருக்கு ஆபத்து அதிகம், கொஞ்சம் பிடித்தவருக்குக் கொஞ்சம். முக்கியமாக, இடையில் விட்டவர்களுக்கு ஆபத்து குறைந்துகொண்டே வந்தது. மரபுக்கூறு காரணம் என்றால் சிகரெட்டை விட்டதும் அது மாறிவிடுமா என்ன? விட்ட டாக்டர்களே, விடாத டாக்டர்களுக்குக் கன்ட்ரோல் ஆனார்கள்.

ஐம்பது ஆண்டுத் தொடர்ச்சியின் முடிவு 2004 இல் வந்தது. விடாமல் புகைத்த ஆண் டாக்டர்கள் புகைக்காதவர்களை விடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னால் இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்கள் அதில் ஏறக்குறைய 3 ஆண்டுகளை மீட்டார்கள், 50 இல் விட்டவர்கள் 6, 40 இல் விட்டவர்கள் 9. 30 வயதிலேயே விட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட முழுப் பத்தும் திரும்பக் கிடைத்தது.